பெர்மிட் இல்லை, மலாய் தெரியாது: மலேசியாவில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். முதலில் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்கிலும் ஆள் பற்றாத சாப்பாட்டுக் கடைகள் எப்போதும் இருக்கின்றன. இறங்கிய மறுநாளே பாத்திரம் கழுவ நின்றவர்களும் ரொட்டி சானாய்க்கு மாவு பிசையப் போனவர்களும் உண்டு. ஆனால் அந்த வேலைக்குச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், வராவிட்டால் யாரிடம் கேட்பது என்ற மூன்று கேள்விக்கும் பதில் பெர்மிட்டில்தான் இருக்கிறது. அதனால் இந்த அத்தியாயம் வேலை தேடுவதைவிடப் பெர்மிட்டைப் பற்றியே அதிகம் பேசும்.

ஊரில் ஏஜெண்டுகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்: “பாஷையும் வேணாம், பெர்மிட்டும் வேணாம் தம்பி, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்.” கேட்பவருக்கு இரண்டும் ஒரே அளவுச் சிக்கல் போலத் தோன்றிவிடும். மலாய் தெரியாமல் போய் மூன்றே மாதத்தில் சமாளிக்கக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, தமிழ் வானொலி இருக்கிறது, கடை முதலாளியே பெரும்பாலும் தமிழ் பேசுவார். பெர்மிட் விஷயம் அப்படியல்ல. அது ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டிய ஒன்று. போன பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலானோர் சிக்குகிறார்கள்.

‘சோஷியல் விசிட்’ எப்படிப் பொறியாகிறது

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா எடுக்காமல் மலேசியாவுக்குள் போகலாம், 30 நாள் தங்கலாம். போகும் முன் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. சுற்றிப்பார்க்கவும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் வந்த இந்தச் சலுகையை ஏஜெண்டுகள் வேலைக்கு ஆள் ஏற்றும் வழியாக மாற்றிவிட்டார்கள். விசாவுக்குச் செலவில்லை, டிக்கெட் விலை போனிலேயே தெரிகிறது. பிறகு எதற்காக லட்சக் கணக்கில் கேட்கிறார்கள் என்று ஒரு முறை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். “ஏர்போர்ட்டில் உள்ளே விட ஆள் செட் பண்ணணும், அங்கே கடையில் பேசணும், அப்புறம் பெர்மிட் அடிக்கணும்” என்பார்கள். முதலாவது குற்றம், இரண்டாவது ஒரு போன் கால், மூன்றாவது நடக்காது.

ஏன் நடக்காது? உள்ளே நுழையும்போது கொடுப்பது சமூக வருகைக்கான பாஸ். தொழிலாளர் பாஸ் முற்றிலும் வேறு வழியில் வருவது. முதலாளி முதலில் வெளிநாட்டு ஆளுக்கான கோட்டா வாங்க வேண்டும். அதன்பின் குடிநுழைவுத் துறை உங்கள் பெயரில் அனுமதிக் கடிதம் தரும். நம் ஊரில் ‘காலிங்’ என்பது இதைத்தான். அந்தக் காலிங்கை வைத்து விசா எடுத்து, அந்த விசாவில் உள்ளே போய், மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகுதான் தற்காலிக வேலைப் பாஸ் கிடைக்கும். சுற்றுலாவாக நுழைந்தவர் அங்கேயே இருந்துகொண்டு இந்தப் பாஸுக்கு மாற விதிமுறை இடம் தருவதில்லை. கோட்டாவையே மலேசிய அரசு அவ்வப்போது நிறுத்திவைக்கும். அப்படி நிறுத்திவைத்திருக்கும் காலத்தில் “காலிங் ரெடியா இருக்கு” என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஏஜெண்டுகள் ஒரு பாதி உண்மையைப் பயன்படுத்துவார்கள். 2011-இல் ‘6பி’ என்ற திட்டம் வந்தது. 2016-இல் ‘ரீஹையரிங்’, 2020-இல் ‘ஆர்டிகே’, 2023-இல் ‘ஆர்டிகே 2.0’ என்று பெர்மிட் இல்லாதவர்களைச் சட்டப்படி வேலையில் சேர்க்கும் திட்டங்கள் அடுத்தடுத்து வந்தது உண்மைதான். “போய் உட்கார்ந்துடு, அடுத்த புரோகிராம் வந்ததும் உன்னையும் சேர்த்துடலாம்” என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் அறிவிப்பு வரும் முன்பே உள்ளே இருந்தவர்களுக்கானவை. பதிவு செய்ய முதலாளி முன்வர வேண்டும், அவருடைய தொழில் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். நடுவில் புகுந்த தரகர்களிடம் பணம் கட்டிவிட்டு, ரசீதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொரு திட்டத்திலும் இருந்தார்கள். எப்போது வரும், யாருக்கு வரும் என்று தெரியாத ஒரு திட்டத்தை நம்பி நிலத்தை அடமானம் வைக்காதீர்கள்.

முப்பத்தோராம் நாள்

கொடுத்த நாட்கள் முடிந்த பிறகும் தங்கினால் மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி அது குற்றம். அபராதம் 10,000 ரிங்கிட்டிலிருந்து தொடங்குகிறது, ஐந்து வருடம் வரை சிறையும் உண்டு. செல்லுபடியாகும் பாஸ் எதுவும் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவருக்கு, தோணியில் வந்தவருக்கும் காட்டு வழியில் வந்தவருக்கும், அபராதம், சிறையோடு ஆறு வரை பிரம்படியும் சட்டத்தில் இருக்கிறது. முப்பது நாளுக்குள்ளேயே வேலை செய்தாலும் பாஸ் நிபந்தனையை மீறிய குற்றம் வரும். ஆக, முதல் நாள் ஏப்ரன் கட்டும்போதே நீங்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறீர்கள்.

முதலாளிக்கும் தண்டனை உண்டு. பெர்மிட் இல்லாத ஒவ்வொரு ஆளுக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை. ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் தண்டனை இன்னும் கடுமை. இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் முழு வியாபாரமும் இருக்கிறது. பெர்மிட் போட்டால் ஒவ்வோர் ஆளுக்கும் வருடாந்தர லெவி கட்ட வேண்டும். கடை, கட்டுமானம், தொழிற்சாலைக்கு அது தீபகற்ப மலேசியாவில் 1,850 ரிங்கிட், தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் 640. 2018 முதல் இந்த லெவி முதலாளியின் பொறுப்பு. அதற்கு மேல் குறைந்தபட்சச் சம்பளம் தர வேண்டும், சொக்சோ காப்புறுதி கட்ட வேண்டும், ஓவர்டைம் தர வேண்டும். பெர்மிட் இல்லாதவரிடம் இவை எல்லாமே மிச்சம்.

கிள்ளான் பக்கம் ஒரு கடையில் வேலை செய்த முதுகுளத்தூர் இளைஞர் ஒருவர், ஊர் திரும்பிய பின் தன் குறிப்பு நோட்டை என்னிடம் காட்டினார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும் நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கத்தில் தேதியும் வேலைக்கு ஏறிய நேரமும் இறங்கிய நேரமும். பகல் பதினொன்றுக்கு ஏறி இரவு ஒன்று, ஒன்றரைக்கு இறங்கியிருக்கிறார். வலப்பக்கத்தில் முதலாளி பிடித்த தொகைகள்: ‘ரூம் 100’, ‘பெர்மிட் 300’, ‘அட்வான்ஸ் 50’, உடைந்த கண்ணாடிக் கோப்பைகளுக்கு ‘கப் 12’. ‘பெர்மிட் 300’ எல்லா மாதத்திலும் இருந்தது. பெர்மிட் கடைசிவரை வரவில்லை. பேசிய சம்பளம் 1,800 ரிங்கிட், நோட்டின்படி கையில் வந்தது அதைவிட மிகக் குறைவு. நாலாவது மாதம் கேட்டிருக்கிறார். “லேபர் ஆபீஸுக்குப் போறியா? தாராளமா போ. முதல்ல உன் பெர்மிட்டைத்தான் கேட்பான்” என்று பதில் வந்திருக்கிறது.

அந்த ஒரு வாக்கியம் போதும். கத்தியோ அடியாளோ தேவைப்படவில்லை. பாஸ்போர்ட்டும் முதலாளியின் மேசை டிராயரில் இருந்தது. இன்னொருவருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது மலேசியச் சட்டப்படியே குற்றம். அதைச் சொல்லிக் கேட்க அவரால் போலீஸ் நிலையப் படி ஏற முடியவில்லை, ஏறினால் முதலில் பிடிபடுவது அவர்தான்.

சம்பள வழக்குக்காக அங்கே தங்கியிருக்கக் குடிநுழைவுத் துறை ‘ஸ்பெஷல் பாஸ்’ தருவது உண்டு. அதை வைத்து வேலை செய்ய முடியாது. மாதாமாதம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வேறு வழி பார்க்க வேண்டும். அதனால்தான் சட்டப்படி நியாயம் உள்ளவர்கள்கூட பாதி வழக்கில் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

கிளம்பும் முன் நம் ஊரில் செய்ய வேண்டியவை

பத்தாம் வகுப்பு தேறாதவரா? உங்கள் பாஸ்போர்ட் பெரும்பாலும் இசிஆர் வகையாக இருக்கும். அப்படிப்பட்டவர் வேலைக்குப் போவதற்குக் குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வளைகுடா நாடுகளும் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் அதே பட்டியலில் இருக்கின்றன. இந்த அனுமதியை நிறையப் பேர் தொல்லையாக நினைக்கிறார்கள். உண்மையில் உங்கள் ஒப்பந்தத்தை இந்திய அரசு ஒரு முறையாவது படித்துப் பார்க்கும் ஒரே இடம் அதுதான். சுற்றுலா என்று சொல்லிப் போனால் இந்தச் சோதனை கிடையாது. ஏஜெண்ட் உங்களை டூரிஸ்ட்டாக ஏற்ற ஆசைப்படுவதற்கு இதுதான் பெரிய காரணம். அவரிடம் லைசென்ஸ் இருக்காது. பாதுகாவலர் அலுவலகத்துக்கு உங்கள் பைல் போனால் அது வெளியே வந்துவிடும்.

1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, பதிவு செய்யாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் மாநில வாரியாக இருக்கிறது. ஏஜெண்டின் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். பெயர், முகவரி, லைசென்ஸ் முடியும் தேதி மூன்றையும் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொருவருடைய லைசென்ஸ் எண்ணைத் தன் பெயருக்கு மேல் அச்சடித்துக்கொள்பவர்கள் உண்டு. முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். ஜிஎஸ்டியோடு 35,400. அதற்கு மேல் கேட்டால், லைசென்ஸ் உள்ளவராகவே இருந்தாலும், விதியை மீறுகிறார். கட்டுவதை வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். கையில் கொடுத்த பணம் போலீஸில் நிரூபணம் ஆவதில்லை.

தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. வேலைகள் எப்போதும் நிறைய இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே ஒரு முறை பதிந்துவைப்பதில் நஷ்டமில்லை. அனுமதி பெற்றுப் போகும் இசிஆர்காரர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ பத்து லட்சம் ரூபாய் கிடைக்கும். டூரிஸ்ட்டாகப் போய்க் கட்டட வேலையில் விழுந்தவருடைய வீட்டுக்கு இந்தப் பணம் வராது.

இனி காலிங் பேப்பர் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வாட்ஸ்அப்பில் பார்த்துத் திருப்தி அடையாமல் அச்செடுத்து, மேசையில் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். முதலில் பெயர். நம் ஆட்களுக்கு இன்ஷியலால் வரும் தொல்லை தீராதது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், காலிங்கில் ஒற்றை எழுத்தோடு நிற்கும். இதைக் கிளம்பும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். அடுத்து பாஸ்போர்ட் எண், ஒவ்வொரு இலக்கமாக. அதன்பின் ‘மாஜிக்கான்’ என்ற வரி. மலாயில் முதலாளி என்று அர்த்தம், நீங்கள் யாரிடம் மட்டும் வேலை செய்யலாம் என்பதை அது சொல்கிறது. ஏஜெண்ட் சொன்ன கடைப் பெயரும் இதுவும் ஒன்றா என்று பாருங்கள். வேறு கம்பெனி பெயர் இருந்து, “அது சும்மா பேப்பருக்கு” என்று பதில் வந்தால், நீங்கள் உள்ளே போன நாளிலிருந்தே பெர்மிட் இருந்தும் இல்லாதவர்தான்.

கடைசியாகத் துறை. ‘பெர்க்ஹிட்மாத்தான்’ என்றால் சேவைத் துறை, உணவகம் அதில் வரும். ‘பெம்பினாஆன்’ கட்டுமானம், ‘பெர்கிலாங்கான்’ தொழிற்சாலை, ‘பெர்லாடாங்கான்’ தோட்டம், ‘பெர்த்தானியான்’ விவசாயம். சமையல்காரராகப் போகிறவரின் தாளில் தோட்டம் என்று இருந்தால், லெவி குறைவு என்பதற்காக யாரோ அப்படி எடுத்திருக்கிறார்கள். உணவகத்தில் சோதனை வரும் அன்று தோட்டப் பாஸ் உங்களைக் காப்பாற்றாது. வயது வரம்பும் நினைவிருக்கட்டும்: தொழிலாளர் பாஸுக்குப் புதிதாகப் போகிறவர் 18 முதல் 45-க்குள் இருக்க வேண்டும். 47 வயதுக்காரருக்கு ‘சேர்த்துடலாம்’ என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

மலாய், முதல் மாதத்துக்கு

மொழி பற்றிப் பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்குள் தமிழ் போதும். மருந்தகத்திலும் போலீஸ் நிறுத்தும் இடத்திலும் தொழிலாளர் அலுவலகத்திலும் மலாய்தான். கட்டுமானத் தளத்தில் மேஸ்திரி சீனராகவோ இந்தோனேசியராகவோ இருப்பார், அங்கேயும் நடுவில் ஓடுவது மலாய்தான். நல்ல வேளையாக அதில் வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப உருமாறுவதில்லை. சொற்களை அடுக்கினாலே எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

எண்களில் தொடங்குங்கள்: சத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா, அனாம், துஜோ, லாப்பான், செம்பிலான், செப்புலு. நூறு செராத்துஸ், ஆயிரம் செரிபு. இது தெரிந்தால் சம்பளத்தையும் கடை விலையையும் காதால் பிடித்துவிடலாம். அடுத்துப் பணப் பேச்சு: சம்பளம் காஜி, எவ்வளவு பெராப்பா, நாள் ஹாரி, மாதம் புலான், மணி நேரம் ஜாம், பிடித்தம் போத்தோங். “காஜி பெராப்பா?” என்று கேட்கலாம். “கெனாப்பா போத்தோங்?” என்றால் ஏன் பிடித்தீர்கள் என்று அர்த்தம். கையெழுத்து ‘தாண்டா தாங்கான்’. இந்தச் சொல் காதில் விழுந்ததும் கையை நிறுத்துங்கள். “சாயா தாக் ஃபாஹாம்”, எனக்குப் புரியவில்லை. “சாயா நாக் சாலினான்”, எனக்கு நகல் வேண்டும். இந்த இரண்டு வாக்கியமும் வாயில் இருந்தால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

உடம்புக்கு: சாக்கிட் என்றால் வலி அல்லது நோய். சாக்கிட் பெருட் வயிற்று வலி, சாக்கிட் கெப்பாலா தலைவலி. உதவி தேவையென்றால் “தோலோங்!” வேலைத்தளத்தில் ‘பாஹாயா’ என்றும் ‘ஆவாஸ்’ என்றும் பலகை இருந்தால் ஆபத்து, எச்சரிக்கை. ‘டிலாராங்’ என்றால் தடை. வயதில் மூத்த ஆணை ‘அபாங்’, பெண்ணை ‘காக்’ என்று கூப்பிடுங்கள். போலீஸையும் அதிகாரிகளையும் ‘துவான்’ என்று சொல்வது வழக்கம், பேச்சின் தொடக்கமே அதனால் தணிந்து போகும். மற்றதெல்லாம் கூட வேலை செய்பவர்கள் வாயிலிருந்து தானாக வரும். மின்னல் எஃப்எம்மில் தமிழில் செய்தி வருகிறது. அதைத் தினமும் கேளுங்கள், குடிநுழைவுத் துறையின் அறிவிப்புகளை ஏஜெண்ட் வாயால் கேட்கும் நிலை வராது.

பெர்மிட்டோடு போனவருக்கு உள்ள உரிமைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அவற்றைக் கேட்கத்தானே மொழி. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். வாரத்துக்கு 45 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை. அதற்கு மேல் சாதாரண நாளில் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்குக் கூலி. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தந்துவிட வேண்டும். வேலையில் அடிபட்டால் 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ உண்டு. முதுகுளத்தூர் இளைஞரைப் போல நேரத்தை நோட்டில் எழுதும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும். பெர்மிட் உள்ளவர் கையில் அந்த நோட்டு தொழிலாளர் அலுவலகத்தில் சாட்சியாகும்.

மற்ற நாடுகள்

சிங்கப்பூரில் சட்டம் இன்னும் இறுக்கம், பெர்மிட் இல்லாமல் கடையில் நிற்க வைப்பவர்களும் குறைவு. அங்கே கிளம்பும் முன்பே ‘ஐபிஏ’ என்ற ஒப்புதல் கடிதம் வரும். அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் அதில் இருக்கும், தமிழிலும் வாங்கலாம். தமிழ்ப் பிரதி கேட்காமல் விமானம் ஏறாதீர்கள். அமீரகத்தில் வேலை வாய்ப்புக் கடிதத்தை அரபியோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் பெறலாம். அங்கே விசிட் விசாவில் போய் நேர்காணல் கொடுப்பது பரவலான பழக்கம். வேலை உறுதியானதும் கம்பெனி முறையாக வேலை அனுமதி எடுக்க வேண்டும், எடுக்கும் வரை வேலையில் கை வைக்கக் கூடாது. 2024-இல் திருத்திய சட்டப்படி அனுமதியில்லாமல் ஆள் வைக்கும் நிறுவனத்துக்கு அபராதம் ஒரு லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. விசா முடிந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 50 திர்ஹாம் ஏறும்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று வரும் அழைப்பைத் தொடவே வேண்டாம். 2022-இல் அப்படிப் பாங்காக் போன தமிழ்நாட்டு இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்தார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை நடந்தது. சென்னையில் நேர்காணல், பாங்காக் டிக்கெட், அங்கே இறங்கியதும் காரில் நீண்ட தூரப் பயணம் என்ற வரிசை தென்பட்டாலே விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு

இதைப் படிக்கும் நேரத்தில் ஒருவர் ஏற்கெனவே அங்கே பெர்மிட் இல்லாமல் இருக்கலாம். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. வட்டிக்கு வாங்கிய கடன் அடையாமல் ஊருக்கு வரக் கூசுவதும் ஓடி ஒளிந்தாவது இன்னும் ஒரு வருடம் தள்ளலாம் என்று நினைப்பதும் இயல்பு. ஆனால் ஒவ்வொரு மாதமும் அபராதமும் ஆபத்தும் ஏறுகின்றன, சம்பளம் ஏறுவதில்லை. இன்னொரு ஏஜெண்டிடம் ‘பெர்மிட் அடிக்க’ மறுபடி பணம் கட்டாதீர்கள். போலிப் பாஸ் கையில் இருந்தால் தங்கிய குற்றத்தோடு ஆவண மோசடியும் சேரும்.

திரும்ப வழி இருக்கிறது. மலேசிய அரசு அவ்வப்போது நாடு திரும்பும் திட்டம் அறிவிக்கும். 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை ஒன்று நடந்தது. பாஸ் முடிந்து தங்கியவருக்கும் பாஸ் இல்லாமல் நுழைந்தவருக்கும் 500 ரிங்கிட், பாஸ் நிபந்தனை மீறியவருக்கு 300 ரிங்கிட் கட்டிவிட்டு வழக்கில்லாமல் போக விட்டார்கள். 2025 மே 19-இல் இரண்டாவது திட்டம் தொடங்கியது. திட்டம் நடக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் அறிவிப்பில் நேரே பாருங்கள். பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு நீங்களே போகலாம், இடையில் ஆள் தேவையில்லை.

பாஸ்போர்ட் முதலாளியிடமே மாட்டிக்கொண்டதா, தொலைந்ததா? கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் கேளுங்கள். வெளியே ‘அவுட் பாஸ்’ என்று சொல்வது இதைத்தான். பழைய பாஸ்போர்ட்டின் போட்டோ போனில் இருந்தாலே வேலை வேகமாக நடக்கும். கையில் காசே இல்லாதவருக்கு டிக்கெட் எடுக்கவும் சட்ட உதவிக்கும் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. தூதரகத்திடம் எழுத்தில் கேட்டால்தான் அது வரும். அங்கே 1991 முதல் இயங்கும் தெனாகானிதா போன்ற அமைப்புகள் புலம்பெயர் தொழிலாளர் வழக்குகளைக் கையாள்கின்றன. சம்பளப் பாக்கி பெரிதாக இருந்தால் கிளம்பும் முன் அவர்களிடம் நோட்டின் நகலையாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. போன் நின்றுபோனால், ஏஜெண்டின் வீட்டு வாசலில் உட்காருவதற்கு முன் மூன்று இடத்தில் மனு போடுங்கள்: வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறை ஆணையரகம். மூன்று இடத்திலும் ஒரே விவரத்தைத்தான் கேட்பார்கள்: பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், போன தேதி, விமானம், வேலை செய்த கடையின் பெயரும் இடமும், கடைசியாகப் பேசிய எண், ஏஜெண்டுக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு. கடையின் பெயர் தெரியாத குடும்பங்கள்தான் அதிகம். அதனால் போனவர் இருக்கும் இடத்தை அவருடைய போனிலிருந்து லொகேஷனாக ஒரு முறையாவது வாங்கிச் சேமித்துவையுங்கள், கடை மாறினால் மறுபடி வாங்குங்கள்.